வலி நின்ற பிறகு

சென்ற ஆண்டு ஐப்பசி மழை நாளொன்றில், மாலைச் செபமாலை முடிந்து கோயிற்பிள்ளை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த வேளையில், எமது பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் தம் ஆறு வயது மகளைக் கையில் பிடித்தவாறு குருமனை வாசலில் வந்து நின்றார். சிறுமியின் வலக் காதில் பஞ்சு அடைத்திருந்தது. தாயின் மறு கையில் ஒரு சிறு புட்டி. வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை சென்று திரும்பிய அண்டை வீட்டார் கொடுத்த எண்ணெய் அது.

“சாமி, ஒரு செபம் சொல்லி, இந்த எண்ணெயிலே ரெண்டு சொட்டு பிள்ளை காதிலே விட்டுத் தாங்க. வலியெல்லாம் நின்னு போச்சு. ஒழுக்குதான் நிக்க மாட்டேங்குது” என்றார்.

எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று வினவினோம். விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, 17 நாள் ஆயிற்று என்றார். முதலில் சளி பிடித்ததாம். ஓர் இரவு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறியிருக்கிறாள். விடிந்ததும் மருத்துவரிடம் தூக்கிச் சென்றிருக்கிறார்கள். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துப் புட்டி மருந்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் தணிந்தது. அதற்கடுத்த நாள் காதிலிருந்து சீழ் வடிந்தது; வடிந்த கையோடு வலியும் நின்றது. வலி நின்றதும் மருந்து கொடுப்பதும் நின்றது. மீந்த பாதிப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறதாம், அடுத்த முறைக்கு உதவும் என்று.

“மறுபடியும் மருத்துவரிடம் காட்டினீர்களா அம்மா?”

“வலிதான் இல்லையே சாமி. வலியில்லாத பிள்ளையைக் கொண்டுபோய் என்னன்னு சொல்ல? போனா ஒரு நாள் கூலி போயிரும். ‘அதான் மருந்து குடுத்தேனே’ன்னு அவரு ஏசினாலும் ஏசுவாரு...”

அதற்கு மேல் அவர் சொன்னது எமக்குக் கேட்கவில்லை. மழையின் இரைச்சல் ஒரு காரணம். அவர் எமது இடப்புறத்தில் நின்றது மற்றொரு காரணம்.

எமது பங்கு மக்கள் அனைவரும் அறிந்த செய்திதான் இது. சாமியாருக்கு இடக் காது கேளாது. எமது கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வலப்பக்கம் மட்டுமே வரிசை நிற்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர் எவரேனும் தெரியாமல் மறுபக்கம் சென்று முழந்தாளிட்டால், வரிசையில் நிற்கும் பாட்டிமாரே கையைப் பிடித்து இப்பக்கம் இழுத்து விட்டுவிடுவார்கள். ஏன் கேளாது என்பதை மட்டும் நாம் யாருக்கும் சொன்னதில்லை. அன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அந்தத் தாயையும் உட்காரச் சொல்லி, அவரிடம் சொன்னோம். வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கும் சொல்லுகிறோம்.

1977-ஆம் ஆண்டு எமக்கு வயது 7. தேரிக்காட்டு ஓரத்தில், பனையை நம்பி வாழ்ந்த சிற்றூர் எமது ஊர். பங்குனி மாதம். வற்றிக்கொண்டிருந்த குளத்தின் கலங்கல் நீரில் நாளெல்லாம் முங்கிக் கிடந்து, சளி பிடித்து, ஓர் இரவு காதில் வலி கண்டது. அந்த வலியை அனுபவித்தவர்க்கு அதை விவரிக்கத் தேவையில்லை. அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்கள். ஆச்சி நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து, இளஞ்சூட்டில் காதுக்குள் விட்டார்கள். விடிந்ததும் அப்பா மிதிவண்டியின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி, அதன்மேல் எம்மை அமர்த்தி, 9 மைல் மிதித்து நகரத்து மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார்கள். அவர் ஊசி போட்டார். கண்ணாடிப் புட்டியில் கலவை மருந்து கொடுத்தார். எந்த வேளைக்கு எவ்வளவு என்பதற்குப் புட்டியின் பக்கவாட்டில் காகிதத்தைக் கொத்திக் கொத்தி வெட்டி ஒட்டியிருந்தது. “ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும்” என்று மருத்துவர் சொன்னதை நாமே எமது இரு காதுகளாலும் கேட்டோம்.

அந்த வாரம் முடியுமுன் காதிலிருந்து சீழ் வந்தது; வலி பறந்தோடிற்று. அதுவோ பதநீர்க் காலம். பனையேறும் குடும்பத்தாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவியாக வேண்டும்; சீவாமல் விட்டால் வெட்டுமுகம் காய்ந்து பதநீர் குன்றிவிடும். மரம் மரமாக ஏறி இறங்கும் ஒரு மனிதர், ஓடியாடித் திரியும் பிள்ளையை ஏற்றிக்கொண்டு 9 மைல் மிதிக்க வேண்டுமென்றால் எந்த நாளை விடுவார்? “ஒழுகி ஒழுகித் தானே வற்றிப்போகும்” என்றார்கள் ஊரார். கெட்ட நீர் வெளியேறுவது நல்லதுதானே என்றும் சிலர் சொன்னார்கள். அப்பாவும் நம்பினார்கள். அவர்களை நாம் ஒருபோதும் குறைகூறியதில்லை.

காது வற்றவில்லை. சில வாரம் நிற்கும். சளி பிடித்தால் மீண்டும் வரும். பள்ளியில் நாற்றம் என்று எமக்கு அருகில் உட்கார மாட்டார்கள். பிள்ளைகள் எமக்கு இட்ட பட்டப்பெயரை இங்கு எழுத இப்பொழுதும் மனம் வரவில்லை. பாடத்தில் கவனமில்லை என்று ஆசிரியர் எம்மைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். அங்கே கேட்டதும் கேட்காமற்போயிற்று.

1984-இல் சிறு குருமடத்தில் சேர்ந்த புதிதில், ஒரு மாலை பந்து விளையாடும்போது தலை சுழன்று விழுந்தோம். அதிபர் தந்தை அவர்கள் எம்மைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்கள். செவிப்பறையில் பெருந்துளை இருந்தது. அதற்குப் பின்னே தோல் வளர்ந்து, எலும்பை அரித்துக்கொண்டு உள்ளே சென்றிருந்தது. நடுச்செவியின் சிற்றெலும்புகள் கரைந்துபோயிருந்தன. காதின் பின்னெலும்பைக் குடைந்து அறுவை மருத்துவம் செய்தார்கள். உயிர் தப்பிற்று. அந்தக் காதின் செவிப்புலன் மட்டும் திரும்பவில்லை.

அப்பா மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். “ஐயா, அன்னைக்கே திரும்பக் கொண்டுபோயிருந்தா?” மருத்துவர் உடனே விடை கூறவில்லை. “அப்போதென்றால் மருந்தோடேயே போயிருக்கக்கூடும்” என்று பிறகு மெல்லச் சொன்னார். அதன்பின் அப்பா அதைப் பற்றி எம்மிடம் பேசியதே இல்லை. ஆனால் எம்மோடு நடக்கும்போதெல்லாம், கடைத்தெருவோ கடற்கரையோ, வலப்புறமாகவே வந்து நடப்பார்கள். எமது குருப்பட்ட நாளில் நிழற்படம் எடுக்க வந்தவர் அவர்களை எமக்கு இடப்புறம் நிறுத்தினார். ஒன்றும் சொல்லாமல் சுற்றி வந்து வலப்புறம் நின்றுகொண்டார்கள்.

இனி, வலி நின்றால் நோய் தீர்ந்தது என்று ஏன் கொள்ளக் கூடாது என்பதைக் காண்போம். எமது பங்கில் மருந்தகம் நடத்திவரும் அருட்சகோதரி பலமுறை எமக்கு விளக்கிச் சொன்னதையே இங்கு தருகிறோம்.

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிறைந்த ஒரு சிற்றறை உண்டு. அதுவே நடுச்செவி. உடலிலேயே மிகச் சிறிய எலும்புகள் மூன்று அங்கே தொடராக நின்று ஒலியை உட்செவிக்குக் கடத்துகின்றன. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத் தொண்டைக்கு ஒரு குழல் செல்லுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் வாழ்ந்த பார்த்தலோமேயோ யூஸ்தாக்கி என்னும் மருத்துவப் பேராசிரியர் அதனை விரித்து எழுதியமையால் அவர் பெயரே அதற்கு வழங்குகிறது. அறைக்குக் காற்று போவதும், அறையில் ஊறும் நீர் வடிவதும் அவ்வழியே. பெரியவர்களுக்கு அக்குழல் சரிவாக இறங்கும். குழந்தைகளுக்கோ குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருக்கும். ஆகவே சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்கிறது. தொண்டையிலுள்ள கிருமி எளிதில் மேலேறுகிறது. குளத்துத் தண்ணீர் காதில் புகுந்துதான் எமக்கு நோய் வந்தது என்று ஆச்சி கடைசிவரை சொல்லிவந்தார்கள். உண்மையில் அது மூக்கு வழியாக வந்த நோய்.

அறையில் சீழ் கட்டிச் செவிப்பறையை உப்ப வைக்கிறது. வலி அதனால்தான். சில பிள்ளைகளுக்கு அந்த அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்து, சீழ் வெளியே வருகிறது. அழுத்தம் குறைந்தவுடன் வலி நின்றுவிடுகிறது. வலி நின்றது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம்: நோய் ஆறியிருக்கலாம், அல்லது செவிப்பறை உடைந்திருக்கலாம். வெளியே இருந்து பார்க்கும் தாய்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிள்ளை இரண்டிலும் விளையாடும், உண்ணும், உறங்கும். மருத்துவரின் விளக்கொளி உள்ளே சென்றால்தான் வேறுபாடு தெரியும்.

கிழிந்த செவிப்பறை பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோரை அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. காது நோய் வந்த பிள்ளைகளில் மிகப் பலர் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுகிறார்கள். இரண்டு வயது கடந்த பிள்ளைக்கு நோய் இலேசாக இருந்தால், கிருமிக்கொல்லி மருந்து எழுதாமல், வலிக்கு மட்டும் பாராசிட்டமால் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்வதும் உண்டு. அது அசட்டையன்று. மருந்து எழுதாத மருத்துவரைக் குறைகூறி வேறொருவரிடம் ஓடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது, அது நல்லதன்று. ஆனால் “பொறுத்திருங்கள்” என்று மருத்துவர் சொன்னால், எதுவரை என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். எமது மருத்துவர் ஒரு வாரம் என்று எல்லை வைத்துத்தான் அனுப்பினார். அந்த எல்லையை நாங்கள்தாம் மறந்தோம்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், ஆங்கில நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அவருடைய தந்தை சர் வில்லியம் வைல்டு, அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் பெயர்பெற்ற காது மருத்துவர். 1844-இல் அங்கே கண்ணுக்கும் காதுக்குமான மருத்துவமனையை நிறுவியவர். 1853-இல் காது நோய்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் நெடுங்காலம் போற்றப்பட்டது. காதின் பின்புறம் கீறிச் சீழை வெளியேற்றும் முறை ஒன்றுக்கு அவர் பெயரையே இட்டிருந்தார்கள். அவர் 1876-இல் காலமானார். அவருடைய மகனோ 1900-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், பாரிசு நகரத்து விடுதி அறையொன்றில், 46 வயதில் இறந்தார். முந்திய மாதம்தான் அவருக்குக் காதில் அறுவை செய்திருந்தார்கள். நெடுநாள் காது நோய் மூளையின் உறையைத் தாக்கியதே மரணத்துக்குக் காரணம் என்பது மருத்துவர் பலரின் கருத்து. இறப்பதற்கு முந்திய நாள் பாடுகளின் சபைக் குருவானவர் ஒருவர் அவரைத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பகுதியைப் படித்த இரவு எமது காதின் பின்புறத் தழும்பைத் தடவிக்கொண்டே நெடுநேரம் விழித்திருந்தோம். பென்சிலின் வழக்கத்திற்கு வந்தது 1940-களில். அதற்கு முன் பிறந்திருந்தால் எமது கதையும் வேறாகியிருக்கும். மருந்து வந்துவிட்ட பிறகு பிறந்தும் காதை இழந்தோமே என்ற எண்ணமும் கூடவே வந்தது.

மருந்தகத்து அருட்சகோதரி எமக்குக் கற்பித்த நாள்கணக்கு இது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்காக 1990-களில் வகுத்த வழிகாட்டியும் இதனோடு ஒத்துச் செல்வதாகச் சொன்னார்கள்.

மருந்து தொடங்கி இரண்டு அல்லது மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் தணிய வேண்டும். தணியவில்லையேல், மருந்து முடியும்வரை காத்திராமல் அதே மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். தணிந்துவிட்டாலும், சொன்ன நாள்வரை மருந்தைக் கொடுத்து முடித்து, சொன்ன நாளில் காட்ட வேண்டும். சீழ் வடியும் பிள்ளை என்றால், வலியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்தாம் நாள் மறுபடி காட்டுவது நன்று. 14 நாள் கடந்தும் ஒழுகினால் அது நாள்பட்ட நோயின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதற்கு மருத்துவ முறையே வேறு. வாய்வழி மருந்தைவிடக் காதைச் சுத்தமாக உலர்த்துவதும் அதற்குரிய சொட்டு மருந்துமே அங்கு முதன்மை. ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓர் ஆண்டில் நான்கு முறை காது நோய் வந்த பிள்ளையைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. காதின் பின்புறம் வீங்கிச் சிவந்து, மடல் முன்னே தள்ளி நின்றாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலை சுற்றி நடை தள்ளாடினாலோ, கழுத்து விறைத்தாலோ, பிள்ளை ஓயாது வாந்தியெடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குக் காது நோய் என்று தோன்றினாலே அன்றே காட்ட வேண்டும். சீழ் கெட்ட நாற்றம் வீசினால் அதையும் சிறிதென்று எண்ணாதீர்கள். எமது காது வீசியது அந்த நாற்றம்தான்.

வலியும் சீழும் இல்லாமலே வருகிற ஒன்று இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி எழுத எமக்குக் கூச்சமாக இருக்கிறது. எனினும் எழுதத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, 9 வயதுப் பீடச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒரு திருவிழாப் பூசையில் தூபக் கலசத்தைக் கொண்டுவருமாறு மெல்லிய குரலில் சொன்னோம். அசையாமல் நின்றான். மீண்டும் சொன்னோம். எம்மைப் பார்த்துப் புன்னகை செய்தான். “புத்தியை வீட்டிலே வைத்துவிட்டு வந்தாயா?” என்று, ஒலிவாங்கி அருகில் இருப்பதையும் மறந்து, கோயில் முழுதும் கேட்கக் கடிந்துகொண்டோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்குச் சென்றோம். தொலைக்காட்சி தெருமுனைவரை கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. “கூப்பிட்டா திரும்பறதே இல்ல சாமி. திமிரு” என்றார் தாய். பள்ளியிலும் அதே புகார் என்றார். ‘கவனமில்லை’ என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு உள்ளே சுருக்கென்றது. ஆறு மாதத்துக்கு முன் ஒருமுறை காது வலி வந்ததாம், மருந்து கொடுத்தார்களாம், சரியாகிவிட்டதாம்.

நோய் ஆறிய பின்னும் நடுச்செவியில் நீர் தங்கிவிடுவதுண்டு. சில வாரம் தங்குவது இயல்பே. பெரும்பாலும் தானே வடிந்துவிடும். அதற்காக மேலும் மேலும் மருந்து கொடுப்பதில் பயனில்லை. ஆனால் மூன்று மாதம் கடந்தும் தங்கினால் செவிப்புலனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பையனின் இரு காதுகளிலும் நீர் பசைபோல் இறுகியிருந்தது. செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தினார்கள். சில நாளில் எல்லாம் கேட்கத் தொடங்கிற்று. இடக் காது கேளாத நாம், காது கேளாத ஒரு பிள்ளையைக் காது கேளாததற்காகவே கடிந்தோம். ஞானஸ்நானம் கொடுக்கும்போது ‘எப்பத்தா’ சடங்கில் குழந்தையின் காதைத் தொடுகிறோம் அல்லவா, அந்த ஆண்டு முழுவதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பையன் முகமே எம்முன் வந்தது.

அவன் எதிரே அமர்ந்து மன்னிப்புக் கேட்டோம். அவன் சிரித்துவிட்டான். “நீங்க ஏசினது எனக்குக் கேக்கவே இல்ல சாமி. அம்மாதான் சொன்னாங்க” என்றான்.

ஆகவே பெற்றோரே, அழைத்தால் திரும்பாத பிள்ளையை, தொலைக்காட்சிக்கு மிக நெருங்கி உட்காரும் பிள்ளையை, “என்ன, என்ன” என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையை, அடிப்பதற்கு முன் ஒருமுறை காதைச் சோதியுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்குச் செலவில்லை. 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் சுவஸ்திய காரியக்கிரம் என்னும் சிறார் நலத் திட்டத்தின்படி பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினர் பார்க்க வேண்டியவற்றுள் காது நோயும் செவிக் குறையும் அடங்கும். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். ஊசி போடுவார்கள் என்று பயந்து நிறுத்தும் தாய்மார் பலரை நாம் அறிவோம்.

மழை விடவில்லை. அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்தார். சிறுமி மேசை மீதிருந்த நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புட்டியை வாங்கிச் செபித்து, ஒரு துளி எடுத்துச் சிறுமியின் நெற்றியில் சிலுவை வரைந்தோம். காதில் விடவில்லை. திருத்தலத்து எண்ணெயாயினும், பூண்டெண்ணெயாயினும், தாய்ப்பாலாயினும், ஒழுகும் காதுக்குள் எதுவும் ஊற்றக் கூடாது. மீந்துபோன சொட்டு மருந்தும் கூடாது. துளையுள்ள காதுக்குத் தீங்கு செய்யும் சொட்டு மருந்துகளும் உள. கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு என்று எதையும் விட்டுக் குடையக் கூடாது. பஞ்சை அடைத்து வைத்தால் சீழ் உள்ளேயே நிற்கும். சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்து எறிந்து, திரி காய்ந்து வரும்வரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்; நாளைக்கு மூன்று முறை. இதை மறுநாள் அருட்சகோதரி செய்து காட்டுவார்கள் என்றோம்.

“வலியில்லாத பிள்ளையைக் கொண்டுபோய் என்னன்னு சொல்லட்டும் சாமி?” என்று மீண்டும் கேட்டார். அது உண்மையான இடர்ப்பாடுதான். படித்தவர்களே மருத்துவர் முன் நாவெழாமல் நிற்பார்கள். ஆகவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். சளி பிடித்த நாள், வலி கண்ட நாள், மருந்து தொடங்கிய நாள், நிறுத்திய நாள், சீழ் வந்த நாள். கடைசி வரியில் ‘17 நாளாக ஒழுகுகிறது’ என்று எழுதி அடிக்கோடிட்டோம். மருந்தைப் பாதியில் நிறுத்தியதை எழுத வேண்டாமே என்றார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றோம். மீந்த புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லச் சொன்னோம்.

மறுநாளே சென்றுவிட்டார்கள். மருத்துவர் ஏசவில்லையாம். தாளை வாங்கிப் படித்து, “யார் எழுதியது?” என்று மட்டும் கேட்டாராம். செவிப்பறையில் சிறு துளை இருந்தது. காதைச் சுத்தம் செய்து, இரண்டு வாரத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். மாலைதோறும் அருட்சகோதரியிடம் வந்து திரி வைத்துக்கொண்டு போனார்கள். தலைக்கு ஊற்றும் நாளில் காதில் நீர் புகாமல் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்பே காது உலர்ந்துவிட்டது. மருத்துவர் மறுபடி பார்த்து, துளை மூடிவருகிறது, தை கழிந்து ஒரு நாள் வந்து செவிப்புலனைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று தேதி குறித்து அனுப்பினார். பிள்ளை அதற்குள் பாடகர் குழுவில் சேர்ந்து, மற்றெல்லாரையும்விட உரத்துப் பாடிக்கொண்டிருந்தாள். காது கேளாததாலா, இயல்பே அதுவா என்பதை அந்தச் சோதனைதான் சொல்ல வேண்டும் என்று பாடகர் குழுத் தலைவர் எம்மிடம் முறையிட்டார்.

அத்தேதிக்கு முந்திய மாலை தாய் குருமனைக்கு வந்தார். இம்முறை எமக்கு வலப்புறமாக வந்து நின்றார்.

“சாமி, நாளைக்கு முதல் வெள்ளிப் பூசைக்கு வர முடியாது. காலை வண்டிக்கே பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“வலி ஏதும் உண்டா அம்மா?” என்றோம்.

“ஒண்ணும் இல்ல சாமி. நல்லாத்தான் இருக்கா. நாள் சொல்லியிருக்காங்கல்ல.”

“போய் வாருங்கள்” என்றோம்.